போனஸ் ஆசை காட்டி ஊழியர்களுக்குப் பொறி! பொய்க் கடிதம் அனுப்பியது சொந்தக் கம்பெனியே!

ஒரு பொய்க் கடிதம். அதை நம்பி ஏமாந்தவர்கள் ரெயில் கம்பெனி ஊழியர்கள். அனுப்பியது எந்த மோசடிக் கும்பலும் அல்ல. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனியேதான்!

இந்தக் கூத்து நடந்தது இங்கிலாந்து நாட்டில், 2021-ம் ஆண்டில்.

"வெஸ்ட் மிட்லண்ட்ஸ் டிரெயின்ஸ்" என்பது அங்குள்ள ஒரு ரெயில் கம்பெனி. அதன் ஊழியர்கள் சுமார் 2,500 பேருக்கு மானேஜிங் டைரக்டர் பெயரில் ஒரு இ-மெயில் வந்தது. கொரோனா காலத்திலும் வேலைக்கு வந்து உழைத்ததற்கு நன்றி தெரிவித்து, அதற்காக ஒரு தொகை தரப்போவதாக அதில் எழுதியிருந்தது. மேல் விவரம் வேண்டுவோர் குறிப்பிட்ட இடத்தை அமுக்க வேண்டும்.

ஆசையோடு அமுக்கினார்கள்.

அமுக்கியவர்களுக்கு அடுத்தாற்போல் இன்னொரு கடிதம் வந்தது. பணமும் கிடையாது, பரிசும் கிடையாது. மோசடிக் கடிதத்தை ஊழியர்கள் அடையாளம் காண்கிறார்களா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை என்று அதில் சொல்லியிருந்தது.

ரெயில்வே தொழிற்சங்கமான டி.எஸ்.எஸ்.ஏ. கொதித்து எழுந்தது. கொரோனாவில் ஊழியர் ஒருவர் இறந்திருக்கிறார், பலர் நோயில் படுத்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் இப்படி ஒரு விளையாட்டா என்று சங்கத் தலைவர்கள் கேட்டார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்க வேண்டும், சொன்ன பணத்தை நிஜமாகவே கொடுக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள்.

கம்பெனி விட்டுக்கொடுக்கவில்லை. நிஜ மோசடிக்காரன் இதே மாதிரிதான் எழுதுவான், அதனால்தான் நாங்களும் அப்படி எழுதினோம் என்பது அதன் வாதம்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் இந்தச் சண்டை ஒரு ஊரோடு, ஒரு கம்பெனியோடு முடிந்த சண்டை அல்ல. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்.

பண்டிகைக்கு 650 டாலர்!

இதற்கு முந்தைய ஆண்டு, 2020 டிசம்பரில், அமெரிக்காவில் இதே கதை நடந்தது.

"கோடாடி" என்பது இன்டர்நெட் முகவரிகளை விற்கும் பெரிய கம்பெனி. கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயத்தில் அதன் ஊழியர்களுக்கு ஒரு இ-மெயில் வந்தது. பண்டிகை போனசாக 650 டாலர் என்று இருந்தது. அன்றைய மதிப்பில் இது சுமார் 48 ஆயிரம் ரூபாய். சொந்த விவரங்களைப் பூர்த்தி செய்து அனுப்பினால் போதும் என்று கூறப்பட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் குட்டு வெளிப்பட்டது. அதுவும் சோதனைதான்! சுமார் 500 ஊழியர்கள் "பெயில்" என்று அறிவிக்கப்பட்டார்கள். மறுபடியும் பாடம் படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

விஷயம் வெளியே கசிந்து கண்டனம் குவிந்ததும் கம்பெனி மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் "டிரிபியூன் பப்ளிஷிங்" என்ற அமெரிக்கப் பத்திரிகைக் கம்பெனியும் இதையே செய்தது. ஏற்கனவே சம்பள வெட்டு, கட்டாய விடுப்பு என்று நொந்து போயிருந்த பத்திரிகை ஊழியர்களுக்கு 5 ஆயிரம் முதல் 10 ஆயிரம் டாலர் வரை போனஸ் என்று பொய்க் கடிதம் போனது. அங்கேயும் கடைசியில் மன்னிப்புதான்.

2024 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே வேலை பார்ப்பவர் ஒருவருக்கு "எபோலா" நோய் வந்துவிட்டதாக ஒரு சோதனைக் கடிதம்! படித்தவர்களுக்குக் கதி கலங்கியது. அந்தப் பல்கலைக்கழகமும் வருத்தம் தெரிவித்தது.

தூண்டில் வியாபாரம்

இந்தச் சோதனைகளை நடத்திக் கொடுப்பதற்கென்றே தனிக் கம்பெனிகள் இருக்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் வாங்குகிறார்கள்.

வேலை நடக்கும் விதம் இதுதான். பார்சல் வந்திருக்கிறது, பாஸ்வேர்டு காலாவதி ஆகிவிட்டது, சம்பளப் பட்டியல் திருத்தப்பட்டிருக்கிறது என்று ஏராளமான மாதிரிக் கடிதங்கள் அவர்களிடம் தயாராக இருக்கும். மானேஜர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அது ஊழியர்கள் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். யார் பிரித்தார், யார் அமுக்கினார், யார் பாஸ்வேர்டையே எழுதிக் கொடுத்தார் என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்ளும். மாட்டிக்கொண்டவருக்கு உடனே திரையில் ஒரு பாடம் ஓடும். மாதக் கடைசியில் மார்க் பட்டியல் மேலிடத்துக்குப் போகும்.

மோசடிக்காரர்கள் இப்படிக் கடிதம் போட்டு ஆளைப் பிடிப்பதற்கு "பிஷிங்" என்று பெயர். தூண்டில் போடுவது என்று அர்த்தம். திருடன் போடும் தூண்டிலை அடையாளம் காட்ட, முதலாளியே ஒரு தூண்டில் போட்டுப் பார்ப்பதுதான் இந்தத் தொழில்.

இதில் பெரிய கை, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள "நோபீஃபோர்" கம்பெனி. 2010-ல் ஆரம்பித்தது. கம்ப்யூட்டர்களுக்குள் ஊடுருவிய வழக்கில் 1995-ல் கைதாகி சுமார் 5 ஆண்டு சிறையில் இருந்த கெவின் மிட்னிக் என்பவர்தான் பின்னாளில் இந்தக் கம்பெனியின் முக்கியப் புள்ளியாக இருந்தார். அவர் 2023-ல் காலமானார். அதே ஆண்டில் கம்பெனி 460 கோடி டாலருக்குக் கைமாறியது என்றால் இந்த வியாபாரத்தின் வீச்சைப் புரிந்துகொள்ளலாம்.

கம்பெனிகள் நடுங்குவது ஏன்?

சும்மா பொழுது போகாமல் யாரும் இவ்வளவு பணம் கொட்ட மாட்டார்கள். ஒரு குமாஸ்தா ஒரு இடத்தில் அமுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வங்காளதேசத்தில் நடந்ததே சாட்சி.

வங்காளதேச மத்திய பாங்கி ஊழியர்களுக்கு 2015-ம் ஆண்டுத் தொடக்கத்தில் வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் இ-மெயிலில் வந்தது. பயோ-டேட்டாவைப் பார்க்க அமுக்கவும் என்று இருந்தது. குறைந்தது 3 கம்ப்யூட்டர்களில் அதை இறக்க முயற்சி நடந்திருப்பதாகப் பின்னர் அமெரிக்கப் புலனாய்வில் தெரிய வந்தது.

பாங்கிக்குள் நுழைந்த கும்பல் அவசரப்படவில்லை. ஒரு வருஷம் பதுங்கி இருந்து நெளிவு சுளிவுகளைக் கற்றுக்கொண்டது. 2016 பிப்ரவரி 4-ந் தேதி இரவு கைவரிசையைக் காட்டியது. மறுநாள் வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை. நியூயார்க்கில் இருந்த வங்காளதேசப் பணத்தில் 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி உத்தரவுகள் பறந்தன. இந்திய மதிப்பில் 6 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

உத்தரவுகளை அச்சடித்துக் காட்ட வேண்டிய பிரிண்டரையும் கும்பல் செயல் இழக்கச் செய்திருந்தது. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய் மாயமானது. ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது.

இன்னொரு 2 கோடி டாலர் இலங்கையில் உள்ள ஒரு அறக்கட்டளை பெயருக்குக் கிளம்பியது. அது தப்பியது. காரணம் ஒரு எழுத்துப் பிழை! "பவுண்டேஷன்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பேண்டேஷன்" என்று எழுதிவிட்டார்கள். இடையில் இருந்த ஜெர்மன் பாங்கியில் சந்தேகப்பட்டு, "இது சரிதானா?" என்று டாக்காவுக்குக் கேட்டு எழுதினார்கள். பணம் நின்றது.

தமிழ்நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்கியில் 2018 பிப்ரவரியில் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்த கும்பல், துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்கு 3 தவணையாக சுமார் 20 லட்சம் டாலரை அனுப்பியது. அன்றாடக் கணக்கைச் சரிபார்க்கும்போது குட்டு வெளிப்பட்டது. ஒரு தவணை உடனே தடுத்து நிறுத்தப்பட்டது.

இரண்டு இடத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மோசடியை வெளியே கொண்டுவந்தது பெரிய இயந்திரம் எதுவும் அல்ல. ஒரு பாங்கியில் யாரோ சந்தேகப்பட்டுக் கேட்டார்கள். இன்னொரு பாங்கியில் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

பாடத்தால் புத்தி வந்ததா?

அப்படியானால் பொய்க் கடிதம் அனுப்பிச் சோதிப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். இதைக் கல்வியாளர்களே ஆராய்ந்து பார்த்தார்கள். முடிவு கம்பெனிகளுக்குக் கசப்பாக இருந்தது.

கலிபோர்னியாவில் சான் டியாகோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளில் 19 ஆயிரத்து 500 பேருக்கு மேல் 8 மாத காலம் சோதனை நடத்தினார்கள். 10 விதமான பொய்க் கடிதங்கள் அனுப்பப்பட்டன. 2025-ல் வெளியான முடிவின்படி, பாடம் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் வித்தியாசம் சராசரியாக 1.7 சதவீதம்தான்!

மாட்டிக்கொண்டவர்களுக்குத் திரையில் ஓடிய பாடத்தை, முக்கால்வாசிப் பேர் ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்க்கவில்லை. மூன்றில் ஒருவர் உடனே மூடிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு வேடிக்கை. பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன கடிதத்தில் மாட்டியவர்கள் 2 சதவீதம் கூட இல்லை. லீவு விதிகள் மாறுகின்றன என்ற கடிதத்திலோ 30 சதவீதத்துக்கு மேல் மாட்டினார்கள்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. மார்க்கைத் தீர்மானிப்பது ஊழியரின் கெட்டிக்காரத்தனம் அல்ல, கடிதத்தில் வைக்கும் இரைதான். லேசான கடிதம் அனுப்பினால் ஆபீஸ் முழுவதும் பாஸ். போனஸ், லீவு என்று அனுப்பினால் ஆபீஸ் முழுவதும் பெயில். இந்த மார்க்கை வைத்து ஒருவரை முட்டாள் என்று எப்படிச் சொல்வது?

சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், ஒரு பெரிய கம்பெனியில் 14 ஆயிரம் ஊழியர்களுக்கு மேல் 15 மாதம் பரிசோதித்தது. மாட்டியவுடன் பாடம் நடத்துவதால் ஊழியர்கள் உஷாராகவில்லை என்றே அங்கும் தெரிந்தது.

ஆனால் அங்கே நல்ல செய்தி ஒன்றும் கிடைத்தது. "சந்தேகமாக இருந்தால் இந்தப் பொத்தானை அமுக்கித் தகவல் கொடுங்கள்" என்று ஏற்பாடு செய்தபோது, சில நிமிஷங்களிலேயே தகவல் வரத் தொடங்கியது. மாதக்கணக்கில் ஆனபோதும் ஊழியர்கள் சலித்துக்கொள்ளாமல் தகவல் கொடுத்தார்கள். நூறு பேரில் பத்துப் பேர் ஏமாந்தாலும், ஒருவர் உடனே சத்தம் போட்டால் போதும். மற்றவர்களைக் காப்பாற்றிவிடலாம்.

வாத்தியாரே ஏமாந்த கதை!

எல்லாருக்கும் பாடம் நடத்தும் "நோபீஃபோர்" கம்பெனியே 2024-ல் ஏமாந்தது.

கம்ப்யூட்டர் வேலைக்கு ஒருவரை எடுத்தார்கள். வீடியோவில் 4 தடவை பேட்டி கண்டார்கள். பின்னணியையும் விசாரித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வேலைக்கான கம்ப்யூட்டர் அனுப்பப்பட்டது. அது கைக்குப் போனதும் அந்த ஆசாமி அதில் நாசகார புரோகிராமை ஏற்றத் தொடங்கினார். அவர் வடகொரியாவைச் சேர்ந்தவர், ஒரு அமெரிக்கரின் அடையாளத்தைத் திருடி, போட்டோவையும் திருத்தி வேலைக்குச் சேர்ந்தவர் என்று பிறகு தெரிய வந்தது.

கம்பெனியின் காவல் பிரிவு அன்றே கண்டுபிடித்துத் தடுத்துவிட்டது. தகவல் எதுவும் திருட்டுப் போகவில்லை. நடந்ததை ஒளிக்காமல் கம்பெனியே ஊருக்குச் சொன்னது. அதுதான் இதில் பாராட்ட வேண்டியது.

வாத்தியாரே ஏமாறும்போது, காலை முதல் மாலை வரை நூறு கடிதம் பார்க்கும் குமாஸ்தா ஒரு கடிதத்தில் ஏமாறுவது அதிசயமா?

சந்தேகப்பட்டும் போனது 200 கோடி!

2024-ம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான ஹாங்காங் சம்பவம் இன்னும் திடுக்கிட வைப்பது.

"அரூப்" என்ற இங்கிலாந்து இன்ஜினீயரிங் கம்பெனியின் ஹாங்காங் ஆபீசில், கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு லண்டன் நிதி அதிகாரியின் பெயரில் கடிதம் வந்தது. ரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்றது. "இது மோசடியாக இருக்குமோ" என்று ஊழியருக்குச் சந்தேகம் தட்டியது. அதாவது, பரீட்சையில் அவர் பாஸ்!

ஆனால் அடுத்து ஒரு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். திரையில் நிதி அதிகாரி, தெரிந்த முகங்கள் என்று பலர் இருந்தார்கள். சந்தேகம் பறந்தது. 15 தவணையில் 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. நம்ம ஊர்க் கணக்கில் 200 கோடி ரூபாய்க்கு மேல்.

திரையில் வந்த அத்தனை பேரும் கம்ப்யூட்டரால் உருவாக்கப்பட்ட போலிகள்!

ஒரு மனிதனின் கண்ணையும் காதையும் மட்டும் நம்பிப் பெட்டிச் சாவியை ஒப்படைத்தால் இதுதான் கதி. பெரிய தொகை என்றால் இரண்டாவது ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஏற்கனவே தெரிந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று கண்டிப்பான விதி இருந்தால், போலி முகம் எத்தனை வந்தாலும் பெட்டி திறக்காது.

இன்ஜினீயருக்கு ஒத்திகை, குமாஸ்தாவுக்குப் பொறியா?

எஸ்டோனியா நாட்டில் "லாக்ட் ஷீல்ட்ஸ்" என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு பெரிய கம்ப்யூட்டர் போர் ஒத்திகை நடக்கிறது. நேட்டோ நாடுகளின் நிபுணர்கள் கலந்துகொள்கிறார்கள். ஒரு கட்சி தாக்கும், மற்ற கட்சிகள் தடுக்கும். இது ஒத்திகை என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். தோற்றவரை யாரும் கேலி செய்வதில்லை. எங்கே ஓட்டை என்று உட்கார்ந்து பேசுகிறார்கள்.

தீயணைப்பு ஒத்திகையும் அப்படித்தான். மணி அடிக்கும், எல்லாரும் படி இறங்கி வருவார்கள். யாரும் ஆபீசுக்கு நிஜமாகத் தீ வைத்து, "ஓடாதவன் பெயில்" என்று சொல்வதில்லை. கடிதச் சோதனையையும் தீயணைப்பு ஒத்திகை போல முன்கூட்டியே சொல்லி நடத்தலாம் என்று 2024-ல் கூகுள் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவே யோசனை சொன்னது. ஏமாந்த ஊழியரைத் தண்டிக்க வேண்டாம் என்பதுதான் இங்கிலாந்து அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையத்தின் அறிவுரையும்.

6 மணி நேரத்தில் தெரிய வேண்டும்

இந்த விஷயத்தில் இந்தியக் கம்பெனிகளுக்கும் ஒரு நெருக்கடி இருக்கிறது.

மத்திய அரசின் "செர்ட்-இன்" அமைப்பு 2022 ஏப்ரல் 28-ந் தேதி ஒரு உத்தரவு போட்டது. கம்ப்யூட்டர் ஊடுருவல் தெரிய வந்தால், 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்கும் முன்பே, 2016-ல், பாங்கிகள் தங்கள் ஊழியர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டிருக்கிறது.

ஆகவே பாடம் நடத்துவது கட்டாயம். கேள்வி, எப்படி நடத்துவது என்பதுதான்.

போன மாதம் சோதனைக் கடிதத்தில் மாட்டி, பத்துப் பேர் முன்னிலையில் திட்டு வாங்கிய ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த மாதம் நிஜத் திருடனின் கடிதத்தில் அவர் கை தவறி அமுக்கிவிடுகிறார். என்ன செய்வார்? மானேஜரிடம் ஓடிப்போய்ச் சொல்வாரா? "ஐயோ, மறுபடியும் பெயிலா, வேலை போயிடுமே" என்று பயந்து கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவாரா?

அவர் வாய் திறக்காத ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். வங்காளதேசத்தில் கும்பலுக்கு ஒரு வருஷமே கிடைத்தது.

முதலாளிகள் செய்ய வேண்டியது

சோதனை நடத்துவது தவறல்ல. எப்போது வேண்டுமானாலும் சோதனை நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்தலாம். சம்பளம், போனஸ், நோய், சாவு ஆகியவற்றை இரையாக வைக்கக் கூடாது. நிஜத் திருடன் அதையும் வைப்பான் என்பது உண்மைதான். அதைப் பாடமாகவே சொல்லிக் கொடுக்கலாமே? தீபாவளி போனசுக்காகக் காத்திருப்பவர் மனதில் கை வைத்து விளையாடினால், அடுத்த முறை கம்பெனி நிஜமாகவே நன்றிக் கடிதம் அனுப்பினாலும் நம்ப ஆள் இருக்காது.

மார்க் பட்டியலில், எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்பதை விட, எத்தனை பேர் எவ்வளவு சீக்கிரம் தகவல் கொடுத்தார்கள் என்பதற்கு முதல் இடம் தர வேண்டும். "தெரியாமல் அமுக்கிட்டேன் சார்" என்று ஓடி வருபவரைத் திட்டாமல் தட்டிக் கொடுக்க வேண்டும். பணம் போகும் வழியில் இரண்டு பேர் கையெழுத்தும், தெரிந்த நம்பருக்கு ஒரு போனும் கட்டாயம் ஆக்க வேண்டும்.

சிறிய கடைக்காரர்களுக்கும் இதுவே பாடம். கடைப் பையன் தப்பான கட்டணக் குறியீட்டில் பணம் அனுப்பிவிட்டு வந்து சொன்னால், முதலில் 1930 என்ற நம்பருக்குப் போன் போட்டுப் புகார் கொடுக்க வேண்டும். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் தடுத்தால்தான் மிஞ்சும்.

ஊழியர்களும் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இலங்கைக்குப் போகவிருந்த 2 கோடி டாலரைக் காப்பாற்றியது, "இது சரிதானா?" என்ற ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க எந்த ஊழியருக்கும் பயம் இல்லாத கம்பெனியில் திருடனுக்கு வேலை கஷ்டம்.